கெட்டித் தரையில் கேரவன் ஆனிங்: எந்த முளை எடுப்பது, எப்படி அடிப்பது

கேரவனுக்கோ, டிராவலர் வண்டியை மாற்றிக் கட்டிய கேம்பர் வேனுக்கோ ஆனிங் (வண்டியின் பக்கவாட்டில் இரண்டு கால் ஊன்றி விரிக்கும் துணிப் பந்தல்) வாங்கினால் கூடவே அதைத் தரையோடு கட்ட ஒரு சின்னப் பையில் முளைகள் வரும். பெரும்பாலும் 4 மிமீ கம்பியை வளைத்தவை, இல்லையென்றால் பிளாஸ்டிக். புல்தரைக்கு அவை போதும். ஆனால் நம் பக்கத்தில் வண்டி நிற்கிற இடங்களைப் பாருங்கள்: ஆரோவில் பக்கம் செம்மண் மேடு, கடலூர் கேப்பர் மலையில் கிராவல், ஈசிஆர் ஓரம் ஜல்லி கொட்டி ரோலர் ஓட்டிய பார்க்கிங், ஊருக்குள் வந்தால் பேவர் பிளாக். சித்திரை வெயிலில் காய்ந்த செம்மண்ணில் அந்த 4 மிமீ கம்பி முளை கொக்கி போல வளையும், பிளாஸ்டிக் முளை தலை தெறிக்கும்.

முளை வாங்கும் முன் ஒன்றைப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள். முளை இறங்குவது வேறு, இறங்கிய முளை பிடிப்பது வேறு. காய்ந்த செம்மண்ணில் முளை இறங்கத்தான் பாடு. இறங்கிவிட்டால் ஒரு சாண் முளைகூட அசையாது. ஜல்லித் தரையில் கதை தலைகீழ். கஷ்டப்பட்டு இறக்கிவிடுவீர்கள், சாயங்காலம் கையால் ஆட்டினாலே வெளியே வந்துவிடும். "ஹெவி டியூட்டி, எல்லாத் தரைக்கும் ஏற்றது" என்று எழுதி விற்கிற முளைகள் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புகின்றன.

படி 1: தரையைத் தட்டிப் பாருங்கள்

தேவையானது 6 மிமீ தண்டுள்ள ஒரு பழைய ஸ்க்ரூடிரைவரும் சுத்தியும். அடிப்பதற்கு முன் இடத்துக்காரரிடம் ஒரு கேள்வி: அடியில் கரண்ட் கேபிளோ தண்ணீர்க் குழாயோ போகிறதா? வண்டிக்குப் பிளக் பாயிண்ட் கொடுக்கிற இடமென்றால் கேபிள் எங்காவது மண்ணுக்குள் போயே தீரும். தெளிவான பதில் வராவிட்டால் அந்தப் பக்கம் முளையே வேண்டாம், எடை கட்டுங்கள்.

பிறகு முளை வர வேண்டிய இடத்தைச் சுற்றி மூன்று புள்ளிகளில் ஸ்க்ரூடிரைவரை வையுங்கள். கையால் அழுத்தி 10 செ.மீ. போய்விட்டால் அது கெட்டித் தரையே இல்லை, 30 செ.மீ. நீளமுள்ள சாதாரண ஆங்கிள் (எல் வடிவ இரும்புப் பட்டை) முளை போதும். லேசாகத் தட்டத் தட்ட மெதுவாக இறங்கினால் காய்ந்த செம்மண் அல்லது களிமண்; படி 2-இல் சொல்லும் தடித்த கம்பி முளை போடலாம். கரகரவென்று சத்தம் வந்து முனை பக்கவாட்டில் நழுவினால் கீழே ஜல்லி இருக்கிறது. ஸ்க்ரூ முளைதான் சரி. சுத்தி துள்ளிக் கணீரென்று கேட்டால் செம்புறாங்கல் அல்லது கான்கிரீட். அதற்கு வழி கடைசியில் இருக்கிறது.

படி 2: முளை

செம்மண்ணுக்கும் காய்ந்த களிமண்ணுக்கும் கடையில் ரெடிமேடாகத் தேட வேண்டியதில்லை. 10 மிமீ இரும்புக் கம்பியை 30 செ.மீ. துண்டுகளாக வெட்டி வாங்கி வெல்டிங் பட்டறையில் கொடுங்கள். ஒரு துண்டு ஏறக்குறைய 185 கிராம் வரும். எட்டு முளைக்கு ஒன்றரைக் கிலோதான். 12 மிமீ எடுத்தால் 265 கிராமுக்கு மேல் போகும். 8 மிமீ கெட்டித் தரையில் வளைந்துவிடும். கட்டடத்துக்குப் போடும் டிஎம்டி கம்பியா, வழவழப்பான எம்எஸ் ராடா என்றால், எம்எஸ் ராடு எடுங்கள். டிஎம்டியின் வரிகள் மண்ணை நன்றாகக் கவ்வும் என்பது உண்மைதான். செம்மண்ணில் அந்தக் கூடுதல் பிடி தேவையில்லை, மறுநாள் பிடுங்கும்போது உயிர் போகும், கயிறும் அந்த வரிகளில் தேயும்.

பட்டறையில் சொல்ல வேண்டியவை இரண்டு. முனையை 2 செ.மீ. நீளத்துக்குள் சீவச் சொல்லுங்கள். பென்சில் போல நீளமாகச் சீவினால் உள்ளே ஒரு கல் பட்டதும் மடங்கும். தலையில் ஒரு பெரிய நட்டை வைத்துச் சுற்றிலும் வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள். அடிக்க அது தட்டையான தலை, கயிறு நழுவாமல் நிறுத்தும் தடுப்பு, பிடுங்கும்போது ஸ்பேனர் போட்டுத் திருக ஒரு பிடி. சாமியானாக்காரர்கள் போல தலையை வளைத்துக் கொக்கியாக்கலாம், ஆனால் திருகி எடுக்கும் வசதி அதில் கிடையாது.

ஜல்லிக்கு ஸ்க்ரூ முளை என்றால் தலை அறுகோணமான கோச் ஸ்க்ரூ, அதாவது மரத்தில் இறக்கும் தடித்த திருகாணி. 10 மிமீ தடிமன், 200 மிமீ நீளம். அதன் தலைக்கு 17 மிமீ சாக்கெட் பொருந்தும். தலைக்குக் கீழே தடித்த வாஷர், அதற்கும் கீழே ஒரு சங்கிலிக் கண்ணி மாட்டுங்கள். கயிறு அந்தக் கண்ணியில். இங்கே நீளத்தில் கஞ்சத்தனம் கூடாது. ஜல்லி அடுக்கு 10 செ.மீ. இருந்தால் 20 செ.மீ. ஸ்க்ரூவில் பாதிதான் கீழே மண்ணைப் பிடிக்கும், வேலை செய்வது அந்தப் பாதி மட்டும். 15 செ.மீ. ஸ்க்ரூ அதே இடத்தில் வெறும் அலங்காரம்.

3 மீட்டருக்கு 2.5 மீட்டர் ஆனிங்குக்கு ஒரு காலுக்கு மூன்று முளை: பாதத்துக்கு ஒன்று, முன்பக்கக் கயிற்றுக்கு ஒன்று, பக்கக் கயிற்றுக்கு ஒன்று. இரண்டு காலுக்கு ஆறு, கூட இரண்டு உபரி. கம்பியில் எட்டு, ஸ்க்ரூவில் எட்டு வண்டியில் இருந்தால் இந்தக் கடற்கரையில் பெரும்பாலான இடங்களுக்குப் போதும்.

படி 3: இறக்குவது

கம்பி முளைக்கு 2 பவுண்டு சுத்தி. ரப்பர் சுத்தி இந்தத் தரையில் துள்ளுமே தவிர இறக்காது. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், இரும்பின் மேல் இரும்பு படும்போது சில்லு தெறிக்கும்.

முளையின் தலை ஆனிங்கை விட்டு வெளிப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும், செங்குத்திலிருந்து 15 முதல் 20 டிகிரி. முதல் நாலைந்து அடி மெதுவாக, திசை பிடிபட்ட பிறகு பலமாக. 5 செ.மீ. இறங்கி நின்றுவிட்டால் வெறியோடு அடிக்காதீர்கள். முளையை உருவி, அந்தக் குழியில் ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு, டீ குடித்துவிட்டு அரை மணி கழித்து வாருங்கள். நின்ற இடத்திலிருந்து இன்னும் 5, 10 செ.மீ. போகும். மறுபடி நின்றால் மறுபடி தண்ணீர். ஒரு குடம் தண்ணீரை ஒரேயடியாகக் கொட்டினால் சுற்றிலும் சேறாகி, காயும்வரை பிடிப்பு இருக்காது. ஆரம்பிப்பவர்கள் செய்கிற இன்னொரு காரியம் கடப்பாரையால் குழி போட்டு அதில் முளையை நடுவது. கடப்பாரைக் குழி முளையைவிட இரண்டு மூன்று மடங்கு அகலம். மண்ணைத் தள்ளி நிரப்பினாலும் பழைய இறுக்கம் வராது.

பாதிதான் இறங்கியது, அதற்கு மேல் போகவில்லை என்றால் கயிற்றைத் தலையில் கட்டாதீர்கள். தரையை ஒட்டிக் கட்டுங்கள். 15 செ.மீ. வெளியே நிற்கும் முளையின் தலையில் கட்டினால், காற்று இழுக்கும் ஒவ்வொரு முறையும் அது நெம்புகோலாகி மண்ணைக் கிளறிவிடும். சந்தேகமாக இருந்தால் அதே நேர்கோட்டில் அரை மீட்டர் பின்னால் இன்னொரு முளை அடித்து, முன் முளையின் தலையையும் பின் முளையின் அடியையும் கயிற்றால் இழுத்துக் கட்டுங்கள். முன் முளை சாயப் பார்த்தால் பின் முளை தடுக்கும்.

ஸ்க்ரூவுக்குப் பேட்டரி டிரில் அல்லது இம்பாக்ட் டிரைவர், குறைந்த வேகத்தில். கல் பட்டுச் சுற்றாமல் நின்றால் முறுக்காமல் ரிவர்ஸில் எடுத்து 3 செ.மீ. தள்ளிப் போடுங்கள். இறங்கும்போது எதிர்ப்பே இல்லாமல் லொடலொடவென்று போனாலும் நல்ல அறிகுறி இல்லை. மரைக்குப் பிடிக்க மண் கிடைக்கவில்லை என்று அர்த்தம். இடம் மாற்றுங்கள்.

படி 4: கயிறு

5 அல்லது 6 மிமீ பாலியஸ்டர் கயிறு. நைலான் நனைந்தால் தளரும். சணலும் தேங்காய் நாரும் நனைந்தால் சுருங்கி முளையையே இழுக்கும். தரையோடு 45 டிகிரி வரும்படி இழுங்கள். இடம் போதவில்லை என்று செங்குத்தாக இழுத்தால் முளையை நேராக மேலே உருவுகிற வேலையைக் கயிறே செய்யும். நடுவில் சைக்கிள் டியூப் வெட்டிய ஒரு சாண் ரப்பர் கோத்தால் காற்றின் திடீர் வெட்டை அது வாங்கிக்கொள்ளும். பஞ்சர் கடையில் கேட்டாலே கிடைக்கும்.

மதியத்துக்கு மேல் கடல்காற்று கிழக்கிலிருந்து வருகிறது என்று அந்தப் பக்கத்தை மட்டும் பலப்படுத்திவிட்டுத் தூங்கிவிடாதீர்கள். ஆடி, ஆவணியில் இரவு இடிமழை மேற்கிலிருந்து வரும், அதற்கு முன்னால் பலத்த காற்று வீசும். மேற்கே மின்னல் தெரிந்தால் முளையைச் சரிபார்க்க வேண்டாம், ஆனிங்கைச் சுருட்டுங்கள்.

முளையே போகாத தரை

கான்கிரீட்டிலும் பேவர் பிளாக்கிலும் முளை அடிக்காதீர்கள். பிளாக்கின் இடுக்கில் முளை அடித்தால் இரண்டு பக்கக் கல்லும் தூக்கிக்கொள்ளும், பில் உங்களுக்கு வரும். செம்புறாங்கல்லில், இடத்துக்காரர் சம்மதித்தால், ரோட்டரி ஹேமரில் (அடித்துக்கொண்டே துளைக்கும் டிரில்) 10 மிமீ பிட் போட்டு 15 செ.மீ. துளைத்து 12 மிமீ கம்பியை இறக்கலாம்.

மற்ற இடத்தில் எடைதான். எவ்வளவு எடை? 7.5 சதுர மீட்டர் துணியை 36 கிமீ வேகக் காற்று தோராயமாக 45 கிலோ அளவுக்குத் தூக்கும். பாதியை வண்டிப் பக்கம் தாங்கும், மீதி இரண்டு காலுக்கும் பிரிந்து காலுக்கு 11 கிலோ சுமார். நிரப்பிய 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று இதைச் சமாளிக்கும். வேகம் ஒன்றரை மடங்காகி 54 கிமீ ஆனால் தூக்கும் விசை இரண்டேகால் மடங்கு, காலுக்கு 25 கிலோ. அந்தக் கேன் எழும்பிவிடும். கேனைத் தள்ளி வைத்துச் சாய்வாகக் கயிறு கட்டினால் இன்னும் மோசம், வழவழப்பான தரையில் அது இழுபட்டே வரும். காலோடு ஒட்டி, நேர் கீழே கட்டுங்கள். மணல் மூட்டை என்றால் அவ்வளவு எளிதில் நகராது.

பிடுங்குவது

நட்டில் ஸ்பேனர் போட்டு அரைச் சுற்று இடமும் வலமுமாகத் திருகினால் மண்ணின் பிடி விடும். பிறகு, போன கோணத்திலேயே இழுங்கள். பக்கவாட்டில் அடித்து ஆட்டினால் முளை வளையும். கடற்கரை உப்புக்கு இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும், ஆகவே நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, பழைய இஞ்சின் ஆயில் துணியால் ஒரு துடைப்பு. பைக்குள் போடும் முன் எண்ணிவிடுங்கள். ஜல்லிக்குள் மறைந்த ஒரு முளை அடுத்து வரும் வண்டியின் டயரில் ஏறும்.