டர்போ இன்ஜினில் எதற்கு எவ்வளவு கிளியரன்ஸ்?

டர்போ மாட்டினால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும் என்பது எல்லாருக்கும் தெரியும். கிளியரன்ஸை, அதாவது பாகங்களுக்கு நடுவே விடும் இடைவெளியை, தீர்மானிப்பது அதைவிட வெப்பம்தான். பிஸ்டன் தலையும் மேல் ரிங்கும் சூடாகிற அளவுக்கு, தண்ணீர் சுற்றி ஓடும் சிலிண்டர் சுவர் சூடாவதில்லை. அந்த வித்தியாசத்துக்குத்தான் இடம் விட வேண்டும்.

முதலில் ரிங் கேப், அதாவது பிஸ்டன் ரிங்கின் இரண்டு முனைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி. 86 மி.மீ. போரின் (சிலிண்டர் துளையின்) சுற்றளவு சுமார் 270 மி.மீ. இரும்பு ரிங், சுவரைவிட 100 டிகிரி கூடுதலாகச் சூடானால் கிட்டத்தட்ட 0.30 மி.மீ. நீளும். டர்போ இல்லாத இன்ஜினுக்குப் போர் விட்டத்தை 0.004-ஆல் பெருக்கி கேப் வைப்பது வழக்கம், அதாவது 0.34 மி.மீ. மிச்சம் இருப்பது 0.04 மட்டுமே. முழு பூஸ்டில் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தத்தில்) ஒரு நீண்ட ஏற்றத்தில் அதுவும் தீர்ந்து இரண்டு முனைகளும் முட்டிக்கொள்ளும். மேலும் விரிய இடமில்லாத ரிங் சுவரைக் கீறும், இறுகிப்போய் பிஸ்டனின் ரிங் லேண்டையே (ரிங் காடிகளுக்கு நடுவே உள்ள விளிம்பையே) பெயர்த்துவிடும்.

அதனால் மிதமான பூஸ்டில் சாலையில் ஓடும் டர்போவுக்கு 0.006-ஆல் பெருக்குங்கள்: 86 மி.மீ. போருக்கு 0.52. டிராக்கில் ஓட்டுவதற்கும் அதிக பூஸ்டுக்கும் 0.007, அதாவது 0.60. இரண்டாவது ரிங்குக்கு மேல் ரிங்கைவிட 0.05 கூடுதல், மேல் ரிங்கைத் தாண்டி வரும் வாயு நடுவில் சிக்கினால், அதுவே மேல் ரிங்கைத் தூக்கிவிடும். பிஸ்டனோடு வரும் தாளில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். சந்தேகம் வந்தால் பெரிய பக்கம் சாயலாம். 0.05 கூடிப்போனால் கொஞ்சம் புளோ-பை (ரிங்கைத் தாண்டி வாயு கசிவது). குறைந்துபோனால் பிஸ்டனே போகும்.

ஒவ்வொரு ரிங்கையும் அது போகப்போகும் சிலிண்டரிலேயே வைத்து, பிஸ்டனைக் கவிழ்த்து மட்டமாகத் தள்ளி, ஃபீலர் கேஜால் அளக்கவும். போர் விட்டம் 0.01 மாறினால் கேப் 0.03 மாறும், எனவே இருப்பதிலேயே குறுகலான இடத்தில் அளப்பது நல்லது. ஒரு முனையை மட்டும், வெளிப்புறத்திலிருந்து உட்புறமாக அரத்தை இழுத்துத் தேய்க்கவும். எதிர்த்திசையில் இழுத்தால் முகத்தின் கோட்டிங் உதிரும். இலக்குக்கு 0.05 முன்பே நிறுத்தி அளந்து பாருங்கள், தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. கடைசியில் பிசிறை மெல்லிய கல்லால் எடுத்துவிடவும்.

பிஸ்டனுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளி உலோகக் கலவையைப் பொறுத்தது. சிலிக்கான் அதிகமுள்ள 4032 என்ற அலுமினியக் கலவை குறைவாக விரியும், 86 மி.மீ. போரில் 0.05 முதல் 0.065 வரை போதும். 2618 அதிகம் விரியும், ஆனால் டெட்டொனேஷன் (எரிபொருள் கட்டுப்பாடில்லாமல் வெடிப்பது) அடியை நன்றாகத் தாங்கும், அதற்கு 0.08 முதல் 0.10 வரை. இதனால் குளிர்ந்த இன்ஜினில் பிஸ்டன் தட்டும் சத்தம் கேட்கும், சூடானால் அடங்கும். அதைக் கேட்டுப் பயந்து இறுக்கமாகக் கட்டுவதுதான் பெரிய தவறு. பிஸ்டன் உருளை அல்ல, மேலே சிறுத்தும், கனெக்டிங் ராடோடு இணைக்கும் பின் (pin) இருக்கும் திசையில் குறுகியும் இருக்கும். தாள் காட்டும் உயரத்தில், பின்னுக்குக் குறுக்காக மைக்ரோமீட்டரை வையுங்கள். ஹோனிங் (சிலிண்டர் சுவரைக் கல்லால் தேய்த்து அளவாக்குவது) முடிந்து வந்த பிளாக்கை ஒரு இரவு ஆறவிட்டு, பிஸ்டனும் பிளாக்கும் ஒரே வெப்பநிலைக்கு வந்த பிறகே அளக்கவும். முடிந்தால் டார்க் பிளேட் (ஹெட்டுக்குப் பதிலாக இறுக்கும் தடித்த தகடு) மாட்டியே ஹோன் செய்யச் சொல்லுங்கள். ஹெட் போல்ட் இறுகியதும் போர் வட்டம் மாறும்.

பேரிங்குக்குப் பழைய கணக்கே சரி: ஜர்னல் (கிராங்க்கில் பேரிங் அமரும் பகுதி) விட்டம் ஒரு மி.மீ.க்கு 0.001. 50 மி.மீ. ஜர்னலுக்கு 0.050, டர்போவுக்கு அதோடு 0.01 சேர்க்கலாம். 0.075-ஐத் தாண்டினால், சூடான ஐடிலில் ஆயில் பிரஷர் விழும், கெட்டியான ஆயிலும் பெரிய பம்பும் கேட்கும். அலுமினிய பிளாக்கில் மெயின் பேரிங் இடைவெளி சூட்டில் தானாகவே கூடும் என்பதால் அங்கே குறைந்த பக்கமே நில்லுங்கள். கடைசியில் மாட்டப்போகும் அதே போல்ட், அதே டார்க்கில் பேரிங் மூடியை (cap) இறுக்கி, செங்குத்துத் திசையில் போர் கேஜால் அளக்கவும். பேரிங்கின் அரைவட்ட ஷெல் இரண்டும் சேரும் ஓரத்தில் மெலிந்திருக்கும், அங்கே அளந்தால் இடைவெளி கூடுதலாகவே காட்டும். போல்டை எடுத்துவிட்டு ஸ்டட் போட்டால் வட்டம் கெட வாய்ப்பு உண்டு, மறுபடி அளக்காமல் மாட்டாதீர்கள். இடைவெளி போதவில்லை என்றால் கிராங்க்கைத் தேய்க்க ஓட வேண்டாம், 0.025 கூடுதல் இடைவெளி தரும் ஷெல்கள் கிடைக்கும், ஒரு பக்கம் அதையும் மறுபக்கம் சாதாரண ஷெல்லையும் போட்டால் பாதி கிடைக்கும்.

கிராங்க்கின் முன்பின் ஆட்டம் 0.10 முதல் 0.20 வரை இருக்கட்டும். வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடையே இன்டேக்கில் 2.0, எக்ஸாஸ்டில் 2.5 மி.மீ.க்குக் குறைய விடாதீர்கள்.

எல்லா எண்ணையும் சிலிண்டர் வாரியாக எழுதி வையுங்கள். அடுத்த முறை இன்ஜினைப் பிரிக்கும்போது மேல் ரிங்கின் முனைகளைப் பாருங்கள்: மங்கலாக இருந்தால் கேப் போதும், பளபளவென்று தேய்ந்திருந்தால் இரண்டும் முட்டியிருக்கின்றன. அந்த சிலிண்டருக்கு 0.05 முதல் 0.10 வரை கூட்டித்தான் மறுபடி மாட்ட வேண்டும்.