போனில் பார்த்ததை மிட்வைஃப் மிஸ்ஸிடம் காட்டுங்கள்

முழுகாமல் இருக்கிற பிள்ளைகளிடம் போன் பார்க்காதே என்று நான் சொல்வதில்லை. அட்டன் டவுனிலிருந்து தள்ளியிருக்கும் எங்கள் தோட்டத்தில் ராத்திரி ஒரு சந்தேகம் வந்தால் கையில் இருப்பது போன்தான். எப்படிப் பார்ப்பது என்றுதான் சொல்லிக் கொடுக்கிறேன்.

முதலில், பேசுகிறவர் எந்த நாட்டுக்குப் பேசுகிறார் என்று பாருங்கள். தமிழில் தேடினால் பெரும்பாலும் தமிழ்நாட்டு வீடியோதான் வரும். அங்கே ஐந்து நோய்களுக்கு எதிராகப் பிள்ளைக்குப் போடுகிற பென்டாவேலன்ட் ஊசியை 6, 10, 14 வாரங்களில் போடுகிறார்கள். இங்கே இலங்கையில் 2, 4, 6 மாதங்களில். இது தெரியாமல், பிள்ளைக்கு ஊசி பிந்திவிட்டது என்று அழுதுகொண்டு வந்த தாய்மார் உண்டு. ஊசித் தேதிக்குக் கிளினிக்கில் தந்த பிள்ளையின் புத்தகம்தான் கணக்கு.

அடுத்தது இரத்தக் குறைவு. பீட்ரூட், பேரீச்சம்பழம் சாப்பிட்டால் போதும் என்று வீடியோ சொல்லும். சாப்பிடுங்கள், ஆனால் கிளினிக்கில் தருகிற இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தாதீர்கள். இதில் நம் தேத்தண்ணியைப் பற்றி அந்த வீடியோக்காரர்கள் பேசுவது குறைவு. விடிந்ததும் ஒரு கோப்பை, மலையில் ஒரு கோப்பை என்று குடிக்கிறோமே, அந்தச் சாயம் இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாது. மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தேத்தண்ணி வேண்டாம். என் தங்கச்சி ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் தேசிக்காய்த் தண்ணியோடு விழுங்குகிறாள். இரும்புச்சத்தோடு விற்றமின் சி தருவதும் அது நன்றாகச் சேரத்தான். கல்சியம் மாத்திரையை மட்டும் வேறு நேரத்துக்கு வையுங்கள்.

சந்தேகமான எதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்து, கிளினிக் நாளில் மிஸ்ஸிடம் காட்டுங்கள். அவருக்குத் தமிழ் அவ்வளவு வராவிட்டாலும் படத்தைப் பார்த்தால் விளங்கும். கடைசியில் மாவோ எண்ணெயோ விற்கிற வீடியோ என்றால் அங்கேயே மூடிவிடுங்கள். பிள்ளைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான், சுடுதண்ணி கூட வேண்டாம்.

சில விஷயங்களைத் தேடவே கூடாது. இரத்தம் போவது, தண்ணீர்க்குடம் உடைவது, வயிற்றில் பிள்ளையின் அசைவு குறைவது, பொறுக்க முடியாத தலைவலியோடு கண் மங்குவது, வலிப்பு: இதில் எது வந்தாலும் உடனே 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸுக்குக் காசு கட்டத் தேவையில்லை. தோட்டத்துப் பெயரோடு டிவிசனையும் சொல்லி, கோயிலோ கொழுந்து நிறுக்கிற மடுவமோ ஒரு அடையாளமும் சொல்லுங்கள். லயத்தில் எந்த இடத்தில் சிக்னல் கிடைக்கும் என்று வீட்டில் எல்லோருக்கும் இப்போதே காட்டி வையுங்கள். கிளினிக் கார்டைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பையில் மாட்டி விடுங்கள்.