கூட்டுச்சதி மோசடி வழக்கில் மேல்முறையீடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்திய தண்டனைச் சட்டத்தின் 420 (மோசடி), 120பி (கூட்டுச்சதி) பிரிவுகளின் கீழோ, 2024 ஜூலை 1 முதல் அவற்றின் இடத்தில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4), 61(2) பிரிவுகளின் கீழோ தண்டனை பெற்றவர்கள், மேல்முறையீட்டு மனுவில் 'நான் யாரையும் ஏமாற்றவில்லை' என்பதையே பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, சதிக் குற்றச்சாட்டுக்கு ஒரு பத்தியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். என் பார்வையில் இதுவே பெரிய தவறு. சதி தனிக் குற்றம். அதன் உயிர், குற்றம் செய்வதற்கான உடன்பாடு. அந்த உடன்பாட்டை உடைக்காமல் மற்ற வாதங்கள் எவ்வளவு வலுவாக இருந்தாலும் தண்டனை நிற்கக்கூடும்.

'நேரடி சாட்சி இல்லை', 'என் கைக்குப் பணம் வரவில்லை' என்ற வாதங்களும் தனியாக நின்றால் உதவாது. சதி பெரும்பாலும் சூழ்நிலைகளிலிருந்தே ஊகிக்கப்படுகிறது. குற்றம் செய்ய உடன்பட்டாலே போதும், பணத்தில் பங்கு பெற்றிருக்க வேண்டியதில்லை. ஆகவே எந்தச் சூழ்நிலையிலிருந்து நீதிபதி அந்த ஊகத்துக்கு வந்தார் என்பதைத் தீர்ப்பில் தேட வேண்டும். போலிப் பத்திரத்தில் சாட்சியாகக் கையெழுத்திட்ட மூன்றாம் எதிரியை (குற்றம் சாட்டப்பட்டவரை) எடுத்துக்கொள்வோம். எண்பது பக்கத் தீர்ப்பில் அவரைப் பற்றி இருப்பது, 'இவரும் உடந்தையாக இருந்துள்ளார்' என்ற ஒரே வரி. ஆனால், விற்பவரை அடையாளம் காட்டவே அவர் கையெழுத்திட்டார், முன்பே நடந்த பேச்சு எதிலும் அவர் இல்லை என்று அரசுத் தரப்பு சாட்சி குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்தச் சாட்சியின் எண்ணையும் பக்கத்தையும் சுட்டி, அந்த வரியின் கீழேயே வைக்க வேண்டிய வாதம் அது. 'தீர்ப்பு சட்டத்துக்கும் உண்மைக்கும் புறம்பானது' என்று அச்சில் வார்த்ததுபோல் எழுதும் மனுவில் அது இடம்பெறுவதே இல்லை.

சக எதிரிகள் சொன்னதை எந்த அளவுக்கு ஒருவர்மீது சுமத்தலாம் என்பதும் கவனிக்கப்படாமல் போகிறது. சாட்சியச் சட்டத்தின் 10ஆம் பிரிவு (இப்போது பாரதிய சாட்சிய அதினியத்தின் 8ஆம் பிரிவு), பொது நோக்கத்தைக் குறித்துச் சதி நடந்துகொண்டிருந்தபோது சொல்லப்பட்டவற்றைத்தான் அனுமதிக்கிறது; சதி முடிந்தபின் சொன்னவை இதற்குள் வராது என்பதை நளினி வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. அதுபோல, ஒருவர் தனியாகச் சதி செய்ய முடியாது என்பதால், சதியில் ஈடுபட்டதாகச் சொல்லப்பட்ட மற்ற அனைவரும் விடுதலையாகியிருந்தால் அதைத் தவறாமல் முன்வைக்க வேண்டும். 1955இல் தோபன்தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்.

காலக்கெடுவில் குழப்பம் வேண்டாம். மாஜிஸ்திரேட் தீர்ப்பை எதிர்த்து அமர்வு நீதிமன்றத்துக்குச் செல்ல 30 நாட்கள், அமர்வு நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குச் செல்ல 60 நாட்கள். தீர்ப்பு நகல் பெறத் தேவைப்பட்ட காலம் இதில் கழிக்கப்படும். தாமதத்தை மன்னிக்கக் கோரலாம் என்றாலும், போதிய காரணம் காட்ட வேண்டும். மூன்றாண்டுக்கு மேற்படாத சிறைத் தண்டனை விதிக்கப்பட்டு, ஜாமீனில் இருப்பவர் மேல்முறையீடு செய்யும் எண்ணத்தைத் தெரிவித்தால், விசாரணை நீதிமன்றமே தற்காலிகமாக ஜாமீன் அளிக்க முடியும். அதைத் தீர்ப்பு நாளிலேயே கேட்காமல் விட்டுச் சிறைக்குப் போனவர்கள் உண்டு.

தண்டனை நிறுத்திவைக்கப்பட்டால் குற்றவாளி என்ற தீர்ப்பும் நின்றுவிட்டதாக நினைப்பது இன்னொரு தவறு. அரசுப் பணியிலோ தேர்தல் பதவியிலோ இருப்பவர் தீர்ப்பையே நிறுத்திவைக்கத் தனியாகக் கோர வேண்டும். விதிவிலக்கான நிலையில்தான் அது கிடைக்கும்.

விசாரணையில் தாக்கல் செய்யாமல் விட்ட ஆவணத்தை மனுவோடு இணைத்துவிட்டால் அது சாட்சியமாகிவிடாது. கூடுதல் சாட்சியத்துக்குத் தனி மனு தேவை. முன்பே ஏன் கொண்டுவரவில்லை என்ற கேள்விக்குப் பதிலும் தயாராக இருக்க வேண்டும்.