டிவி பதிவுக்குக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

அப்பா மாலையில் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்புவதற்குள் பொதிகையில் கச்சேரி முடிந்துவிடும். 2024 ஜனவரியில் அந்தச் சேனலுக்கு டிடி தமிழ் என்று பெயர் மாறியது. அப்பாவுக்கு அது இன்னும் பொதிகைதான். அந்தக் கச்சேரிகளைப் பிடித்து வைப்பதற்காகத்தான் முதன்முதலில் ஒரு கம்ப்யூட்டரை நானே அசெம்பிள் செய்தேன். அப்புறம் சொந்தக்காரர்களுக்கும் நண்பர்களுக்கும் நாலைந்து போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே வரிசையில்தான் யோசிக்கிறார்கள். முதலில் பிராசஸர், பிறகு மதர்போர்டு, ரேம், கேபினட். டிவி சிக்னலைக் கம்ப்யூட்டருக்குள் வாங்கும் ட்யூனர் கார்டு கடைசியில், கையில் மிஞ்சிய பணத்துக்கு. டிவி பதிவுக்கு இந்த வரிசை சரிவராது. வீட்டுக்குள் சிக்னல் எந்த வழியாக வருகிறது, அது பூட்டி வருகிறதா திறந்து வருகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மற்ற பாகங்கள் எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

சிக்னலைப் பார்க்காமல் ட்யூனர் வாங்குவது

பணம் அதிகம் வீணாவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு காலத்தில் கேபிள் ஒயரை நேராக டிவியில் செருகினால் படம் வரும். அந்த நாளில் விற்ற ட்யூனர் கார்டுகளும் அந்த அனலாக் சிக்னலுக்காகவே செய்யப்பட்டவை. 2011-இல் கேபிள் சட்டம் திருத்தப்பட்ட பிறகு கேபிள் படிப்படியாக டிஜிட்டலுக்கு மாறியது. தமிழ்நாட்டில் அது தாமதமாகத்தான் நடந்தது. அரசு கேபிளுக்கே 2017-இல்தான் டிஜிட்டல் உரிமம் கிடைத்தது. இன்று கேபிளில் வரும் சேனல்கள் குறியாக்கம் செய்யப்பட்டு, அதாவது பூட்டப்பட்டு வருகின்றன, திறக்கும் சாவி ஆபரேட்டர் கொடுத்த செட்டாப் பாக்ஸுக்குள் இருக்கிறது. அனலாக் கார்டுக்கு இந்தச் சிக்னல் புரியவே புரியாது. டிஜிட்டல் கேபிளுக்கான டிவிபி-சி கார்டு வாங்கினால் சேனல் பட்டியல் வரை அழகாக வரும், திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும். கார்டு பழுது என்று நினைத்து மாற்றி மாற்றி வாங்கியவர்கள் உண்டு.

மாதச் சந்தா கட்டும் டிடிஎச்சும் இப்படித்தான். ஐரோப்பாவில் பல இடங்களில் ஆபரேட்டரின் கார்டை வேறு கருவியில் போட்டுப் பார்க்கும் வசதி இருக்கிறது. நம் ஊரில் அந்தந்த நிறுவனத்தின் பெட்டியோடு அதன் கார்டு கட்டப்பட்டிருக்கிறது. கட்டணச் சேனல்தான் வேண்டும் என்றால், பதிவு வசதியோடு அந்த நிறுவனமே தரும் பெட்டியை வாங்குங்கள். அதற்காகக் கம்ப்யூட்டர் கட்ட வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுவேன்.

செட்டாப் பாக்ஸின் எச்டிஎம்ஐ வெளியீட்டை, திரைக்குப் போகும் படத்தைப் பதியும் கேப்சர் கார்டில் செருகிப் பிடிக்கலாமே என்று அடுத்த கேள்வி வரும். அந்த வெளியீட்டில் எச்டிசிபி என்ற பாதுகாப்பு இருக்கும். முறையாகத் தயாரித்த கேப்சர் கார்டுகள் அதைக் கண்டதும் பதிவு செய்ய மறுத்துவிடும். மலிவு விலையில் வரும் யுஎஸ்பி கேப்சர் டாங்கிள்களின் அட்டையில் 4கே என்று பெரிதாகப் போட்டிருக்கும். அது உள்ளே வாங்கிக்கொள்ளும் அளவு. யுஎஸ்பி 2.0 வழியாகக் கம்ப்யூட்டருக்கு அனுப்புவது அதைவிட மிகக் குறைவு, அதுவும் நன்றாக அழுத்திய படமாக.

அப்படியானால் திறந்து வருவது எது? டிடி ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கியது. மாதக் கட்டணம் கிடையாது. ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து, 93.5 டிகிரி கிழக்கிலிருந்து வருகிறது. டிடி தமிழும் மற்ற தூர்தர்ஷன் சேனல்களும் இதில் உண்டு. தமிழில் கட்டணச் சேனல்களை எதிர்பார்த்து இதற்குள் வராதீர்கள், ஏமாற்றம்தான் மிஞ்சும். ஆனால் சங்கீதம், செய்தி, பழைய தூர்தர்ஷன் நிகழ்ச்சிகள் என்று தேடுபவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

இதற்கு வேண்டியது செயற்கைக்கோள் ஒளிபரப்பை எடுக்கும் டிவிபி-எஸ்2 கார்டு. எஸ்2 கார்டு பழைய டிவிபி-எஸ் ஒளிபரப்பையும் எடுக்கும். பழைய எஸ் கார்டால் எஸ்2-வை எடுக்க முடியாது. பழைய கார்டு மலிவாகக் கிடைக்கிறதே என்று அதில் சிக்கிக்கொள்ளாதீர்கள்.

வெளிநாட்டு வழிகாட்டியை அப்படியே பின்பற்றுவது

இணையத்தில் நன்றாக எழுதப்பட்ட வழிகாட்டிகள் பெரும்பாலும் அமெரிக்கர்களுடையவை. அங்கே ஒளிபரப்பு முறை ஏடிஎஸ்சி. அதற்கான ட்யூனரை அமெரிக்காவிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லி வாங்கி வந்தால் இங்கே அதற்கு எந்த வேலையும் இல்லை. எச்டிஹோம்ரன் போன்ற நெட்வொர்க் ட்யூனர்களும் ஆன்டெனாவுக்கும் கேபிளுக்கும் உரியவை, டிஷ்ஷிலிருந்து வரும் சிக்னலை எடுக்காது. 'டிஜிட்டல் டிவி ஸ்டிக்' என்று ஆன்லைனில் கிடைக்கும் சின்ன யுஎஸ்பி குச்சிகளில் பல, ஆர்டிஎல்2832யு சிப் கொண்டவை. ரேடியோ பரிசோதனைகளுக்கு அருமையான கருவி. டிவியில் அதற்குத் தெரிந்தது ஆன்டெனாவுக்கான டிவிபி-டி மட்டும்தான். அதன் அடுத்த தலைமுறையான டிவிபி-டி2 கூடத் தெரியாது, டிஷ்ஷைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

டிவி பதிவுக்கு விண்டோஸிலேயே இருந்த மீடியா சென்டர் மென்பொருளை நம்பிப் பழைய கட்டுரைகளைப் படித்துத் திட்டம் போடுபவர்களும் இருக்கிறார்கள். 2015-இல் விண்டோஸ் 10 வந்தபோதே அது போய்விட்டது. நான் பயன்படுத்துவது லினக்ஸில் டிவிஹெட்எண்ட் என்ற பதிவு மென்பொருள். கார்டு வாங்கும் முன்பே அதன் டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கிறதா, தனியாக ஏற்ற வேண்டுமா என்று பாருங்கள். தனியாக ஏற்றும் டிரைவர் என்றால் கெர்னல் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த வேலை உங்கள் தலையில்தான் விழும்.

சேனலுக்கு ஒரு ட்யூனர் என்று கணக்குப் போடுவது

ஒரே நேரத்தில் நான்கு சேனல் பதிய நான்கு ட்யூனர் வேண்டும் என்று நினைப்பது இயல்பு. விஷயம் அப்படி இல்லை. செயற்கைக்கோள் ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் பல சேனல்களைக் கட்டாகக் கட்டி அனுப்புகிறது. ஒரு ட்யூனர் அந்தக் கட்டு முழுவதையும் வாங்கிக்கொள்கிறது. அதிலிருந்து எத்தனை சேனலை வேண்டுமானாலும் பிரித்து ஒரே நேரத்தில் பதியலாம். ஆகவே எண்ண வேண்டியது சேனல்களை அல்ல, அவை எத்தனை கட்டுகளில் இருக்கின்றன என்பதை. உங்களுக்குப் பிடித்த சேனல்கள் இரண்டு கட்டுகளுக்குள் அடங்கினால் இரட்டை ட்யூனர் கார்டு ஒன்றே போதும்.

ட்யூனர் இரண்டு ஆனால் கேபிள் ஒன்றுதான் என்றால் வேறு சிக்கல் வரும். டிஷ்ஷின் முன்னால் கம்பியில் நிற்கும், சிக்னலை வாங்கி அனுப்பும் எல்என்பிக்கு எந்த வகை அலையைத் தர வேண்டும் என்று ட்யூனர் 13 அல்லது 18 வோல்ட் மின்சாரம் அனுப்பிச் சொல்கிறது. ஒரு கேபிளில் ஒரு நேரத்தில் ஒரு வோல்ட்தான் போக முடியும். சாதாரண ஸ்ப்ளிட்டர் போட்டு டிவிக்கும் கம்ப்யூட்டருக்கும் பிரித்தால், ஒன்று சேனல் மாற்றும்போது இன்னொன்றின் பதிவு அறுந்து போகலாம். இரட்டை வெளியீடு உள்ள எல்என்பி வாங்கி, மொட்டை மாடியிலிருந்து இரண்டாவது கேபிள் இழுத்துவிடுங்கள். செலவு பெரிதில்லை.

டிஷ்ஷைப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னையிலிருந்து பார்த்தால் ஜிசாட்-15 தென்கிழக்கே, ஏறக்குறைய 68 டிகிரி உயரத்தில் இருக்கிறது. அவ்வளவு உயரம் என்பதால் பக்கத்து மாடி மறைக்கும் கவலை குறைவு. தென்னை மட்டைதான் குறுக்கே வரும். வெயில் நாளில் படம் வந்துவிட்டது என்று டிஷ்ஷை அப்படியே விட்டுவிடக் கூடாது. டிஷ்ஷுக்கு வரும் கேயூ பேண்ட் அலையை மழை நன்றாகவே உறிஞ்சும். சிக்னல் அளவு உச்சத்துக்கு வரும்வரை திருப்பிப் பார்த்துப் பிறகு போல்ட்டை முடுக்கினால்தான் ஐப்பசி மழையிலும் தாக்குப்பிடிக்கும்.

பிராசஸருக்கும் கிராபிக்ஸுக்கும் அள்ளிக் கொடுப்பது

டிஷ்ஷிலிருந்து வரும் படம் ஏற்கெனவே அழுத்தப்பட்ட டிஜிட்டல் தரவு. பதிவு என்றால் அதை வட்டில் எழுதி வைப்பது, அவ்வளவுதான். அதற்குப் பிராசஸர் மூச்சு வாங்குவதே இல்லை. 2023-இல் வந்த, 6 வாட் வகையைச் சேர்ந்த இன்டெல் என்100 போன்ற சின்னப் பிராசஸர் தாராளம். தனி கிராபிக்ஸ் கார்டு பதிவுக்கு வேண்டியதே இல்லை.

பதிந்ததைச் சுருக்கி வைக்கவோ போனில் பார்க்கும்படி மாற்றவோ நினைத்தால் மட்டும் கொஞ்சம் சக்தி தேவை. அங்கேதான் வீடியோவை மாற்றுவதற்கென்றே இருக்கும் இன்டெல்லின் குயிக் சின்க் உதவுகிறது. அது பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் பகுதியைச் சேர்ந்தது. பெயர் 'எஃப்' என்று முடியும் இன்டெல் பிராசஸர்களில் அந்தக் கிராபிக்ஸ் கிடையாது, ஆகவே குயிக் சின்க்கும் கிடையாது. விலை குறைவு என்று கடைக்காரர் எஃப் மாடலை எடுத்து வைப்பார். அதை வாங்கினால் திரையில் படம் வரவே தனி கார்டு வாங்க வேண்டிவரும்.

வட்டில் நடக்கும் தவறுகள்

வீடியோ என்றதும் வேகமான என்விஎம்இ எஸ்எஸ்டிதான் வேண்டும் என்ற எண்ணம் வருகிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு எச்டி சேனல் நொடிக்கு 8 மெகாபிட் என்று வையுங்கள். அது நொடிக்கு 1 எம்பி, மணிக்கு 3.6 ஜிபி. நான்கு சேனல் ஒன்றாகப் பதிந்தாலும் நொடிக்கு 4 எம்பிதான். சாதாரண ஹார்டு டிஸ்க் நொடிக்கு 100 எம்பிக்கு மேல் எழுதும். ஆகவே இங்கே வேகத்தைத் தேடாதீர்கள், கொள்ளளவைத் தேடுங்கள். 1 டிபியில் ஏறக்குறைய 275 மணி நேர எச்டி நிற்கும். எஸ்டி சேனல், எச்டி பிடிக்கும் இடத்தில் பாதியோ அதற்கும் குறைவோதான் பிடிக்கும்.

ஆனால் எந்த ஹார்டு டிஸ்க் என்பது முக்கியம். எஸ்எம்ஆர் வகை டிஸ்க்குகளில் கூரையில் ஓடு வேய்ந்ததுபோல் ஒரு தடத்தின் விளிம்பில் அடுத்த தடம் ஏறி அமர்ந்திருக்கும். ஓர் ஓட்டை மாற்ற வேண்டுமானால் அதன்மேல் ஏறியிருக்கும் வரிசையையும் எடுத்து மறுபடி அடுக்க வேண்டும். டிஸ்க் காலியாக இருக்கும்வரை இது தெரியாது. நிரம்பிய பிறகு, பழையதை அழித்துப் புதியதை எழுதிக்கொண்டே இருக்கும்போது திணறும், படத்தில் வெட்டு விழும். விளம்பரத்தில் இதைச் சொல்லாமல் விடுவார்கள், மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் விவரக் குறிப்பில், தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர் வகை என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சிசிடிவிக்கென்று விற்கும் டிஸ்க்குகள் பல கேமராக்களின் படத்தை இரவும் பகலும் எழுதுவதற்காக அமைக்கப்பட்டவை. நம் வேலையும் அதே மாதிரியானது, சிஎம்ஆர் என்று உறுதிசெய்துகொண்டு அவற்றையும் எடுக்கலாம்.

இயங்குதளத்தையும் பதிவுகளையும் ஒரே டிஸ்கில் வைக்காதீர்கள். ஒரு மாதம் கவனிக்காமல் விட்டால் பதிவுகள் டிஸ்கை நிரப்பிவிடும், கம்ப்யூட்டர் எழும்பவே மறுக்கும். சின்ன எஸ்எஸ்டியில் இயங்குதளம், பெரிய ஹார்டு டிஸ்கில் பதிவுகள். அதுதான் நிம்மதி.

மதர்போர்டில் இரண்டு விஷயம் பார்த்தால் போதும். பழைய பிசிஐ ஸ்லாட் புதிய போர்டுகளில் இல்லை, கார்டும் போர்டும் பிசிஐ எக்ஸ்பிரஸாக இருக்கட்டும். சில போர்டுகளில் எம்.2 என்ற சின்ன ஸ்லாட்டில் எஸ்எஸ்டி போட்டால், ஹார்டு டிஸ்க் செருகும் சாட்டா போர்ட் ஒன்றிரண்டு செயலிழந்துவிடும், கையேட்டில் சின்ன எழுத்தில் அது இருக்கும்.

கரண்டை மறந்துவிடுவது

பதிவுக் கம்ப்யூட்டர் நாள் முழுவதும் ஓடும். 30 வாட் எடுக்கும் ஒன்று 60 நாளில் 43 யூனிட் எடுக்கும். கேமிங்குக்காகக் கட்டி, சும்மா இருக்கும்போதே 80 வாட் இழுக்கும் ஒன்று அதே 60 நாளில் 115 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் பில்லில் இலவசமாகக் கிடைக்கும் யூனிட்டுகளில் பெரும்பகுதியை இந்த ஒரு பெட்டியே தின்றுவிடும்.

நான் சறுக்கியது கரண்ட் போய் வரும் நேரத்தில்தான். வீட்டில் இன்வர்ட்டர் இருக்கிறதே என்று யுபிஎஸ் வாங்காமல் விட்டேன். ஒவ்வொரு முறை கரண்ட் போகும்போதும் டியூப் லைட் லேசாகச் சிமிட்டும், கம்ப்யூட்டர் மட்டும் அணைந்து எழும். நல்ல பவர் சப்ளை முழுச் சுமையில் ஏறக்குறைய 16 மில்லிசெகண்ட் வரைதான் மூச்சைப் பிடித்திருக்கும். இன்வர்ட்டர் அதற்குள் மாறவில்லை என்றால் கதை முடிந்தது. பல இன்வர்ட்டர்களின் பின்பக்கம் யுபிஎஸ் மோடுக்கு மாற்றும் சுவிட்ச் இருக்கிறது. அதை மாற்றிய பிறகு எனக்குச் சரியாகிவிட்டது. ஸ்கொயர் வேவ் இன்வர்ட்டர் என்றால் புதிய பவர் சப்ளைகளில் சில அதோடு ஒத்துப்போவதில்லை, சைன் வேவ்தான் பாதுகாப்பு.

இடி மின்னலுக்கும் வழி விடாதீர்கள். மொட்டை மாடி டிஷ்ஷிலிருந்து செப்புக் கம்பி நேராக மதர்போர்டுக்கு இறங்குகிறது. டிஷ்ஷுக்கு எர்த் கொடுங்கள், பெரிய இடி மழையின்போது கேபிளைக் கழற்றிவிடுங்கள். ஒரு பதிவு போனால் போகட்டும். டிவிக்குக் கீழே கதவு மூடிய அலமாரியில் பெட்டியை வைப்பதும் வேண்டாம், மே மாத வெயிலில் ஹார்டு டிஸ்க் வெந்துவிடும்.

எல்லாம் தயாரானதும், கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் போய், கரண்ட் திரும்பியதும் தானாக எழும் அமைப்பைப் போட்டுவிடுங்கள். பிறகு ஒரு சோதனைப் பதிவை ஓடவிட்டு, இன்வர்ட்டர் இணைப்பிலிருந்து பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி செருகுங்கள். யாரும் கீபோர்டைத் தொடாமல் பெட்டி தானாக எழுந்து, மீதி நிகழ்ச்சியைப் பதியத் தொடங்க வேண்டும். அப்பா வீட்டில் தனியாக இருக்கும் நாளில் அவருக்கு வேண்டியது அதுதான்.