மாட்டையும் மண்ணையும் சேர்த்தே காட்டுங்கள்: திருகோணமலை முன்பள்ளிகளுக்கு ஒரு செய்முறை

முன்பள்ளிச் சுவர்களில் தொங்கும் பண்ணை விலங்குப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். சிவப்புக் கூரைக் கொட்டில், புல்வெளி, கறுப்பு வெள்ளை மாடு. மண்ணின் படம் இருந்தால் அது வேறொரு மூலையில் இருக்கும். திருகோணமலைப் பிள்ளைக்கு இது எதுவுமே ஒட்டாது. அது தினமும் காண்பது நடுவீதியில் படுத்து அசைபோடும் மாட்டையும், மதிலில் ஒட்டிய சுவரொட்டியைத் தின்னும் ஆட்டையும்தான்.

மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு விலங்கு ஒரு பாடம், மண் ஒரு பாடம் என்று பிரிக்காதீர்கள். 'இந்த விலங்கு மண்ணோடு என்ன செய்கிறது?' என்ற ஒரு கேள்வி போதும், இரண்டு பாடமும் தானாக நடக்கும்.

எப்போது செய்வது?

உலக மண் தினம் டிசம்பர் 5. ஆனால் நம் பக்கம் அப்போது வடகீழ்ப் பருவமழை கொட்டும். முற்றமே குளமாகிக் கிடக்கும். தைப்பொங்கலுக்கு மறுநாள் பட்டிப்பொங்கலை ஒட்டித் தொடங்குவதுதான் என் தெரிவு. மாடுகள் குளித்துப் பொட்டு வைத்து நிற்கும், மழையும் குறையத் தொடங்கியிருக்கும், மண் ஈரமாக இருப்பதால் மண்புழுவும் மேலேயே அகப்படும்.

படி 1: மூன்று மண், மூன்று போத்தல்

வெவ்வேறு ஊர்ப் பெற்றோரிடம் ஒரு சிரட்டை மண் கேளுங்கள். உப்புவெளி அல்லது நிலாவெளிக் கடற்கரை மணல், தம்பலகாமத்து வயல் மண், கந்தளாய்ப் பக்கத்துச் செம்மண் கிடைத்தால் நல்லது. மூன்றையும் பழைய பத்திரிகையில் கொட்டி, பிள்ளைகள் கையால் பிசைந்து பார்க்கட்டும். தண்ணீர் தெளித்து உருண்டை பிடிக்கச் சொல்லுங்கள். வயல் மண் உருண்டையாகும், பாம்பு போலவும் நீளும். மணல் உதிர்ந்துவிடும்.

பிறகு ஒளி ஊடுருவும் மூன்று போத்தல்களில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, கழுத்துவரை தண்ணீர் விட்டு, பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு துளி சேருங்கள். மூடியை நீங்கள் இறுக்கிக் கொடுங்கள். குலுக்குவது பிள்ளைகளின் வேலை. மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் உட்காரும். அதைவிட நுண்ணிய வண்டல் இறங்கச் சில மணி நேரமாகும். களி கலந்த தண்ணீர் மறுநாளும் கலங்கியே நிற்கும். மேலே மிதக்கும் சருகையும் வேர்த்துண்டையும் எடுத்துவிடாதீர்கள், நாளைய உரம் அதுதான்.

வலிமையான காந்தம் இருந்தால் ஒரு வேடிக்கை. இந்தக் கரையோர மணலில் கறுப்புத் துகள்கள் கலந்திருக்கும். காய்ந்த மணலில் காந்தத்தை ஓட்டினால் சில துகள்கள் ஒட்டிக்கொள்ளும். புல்மோட்டையில் இல்மனைற்று என்ற கறுப்புக் கனிமத்தை எடுப்பது இப்படிப்பட்ட மணலிலிருந்துதான்.

படி 2: கோழியைப் பார்த்துக்கொண்டிருங்கள்

செலவில்லாத பாடம் இது. கோழி குழி பறித்து, இறகுக்குள் புழுதி போகும்படி புரளும். இறகில் உள்ள பேனையும் செள்ளையும் அகற்ற அது செய்யும் குளியல் அது. சின்னக் கல்லையும் கொத்தி விழுங்கும். பல் இல்லாத கோழிக்குத் தானியம் அரைக்கும் அம்மி அதன் வயிற்றுக்குள் இருக்கிறது.

படி 3: மாடு

தெரிந்தவரின் கட்டி வைத்த, சாதுவான மாடாகப் பாருங்கள். கன்று ஈன்ற பசுவிடம் கிட்டப் போக வேண்டாம். ஒரு கவளத்தை எத்தனை தடவை மெல்லுகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். பெரும்பாலும் 40 முதல் 60 தடவை வரும். இருபதுக்கு மேல் பிள்ளைகள் தடுமாறினால் நீங்கள் தொடருங்கள். அதை விழுங்கியதும் அடுத்த கவளம் தொண்டை வழியே மேலே ஏறுவது கண்ணுக்கே தெரியும். அங்கே ஒரு 'ஓ!' எழும்.

அடுத்தது சாணி. முகம் சுளிக்காதீர்கள், நீங்கள் சுளித்தால் பிள்ளைகளும் சுளிப்பார்கள். சில நாள் கிடந்த சாணியைக் குச்சியால் புரட்டினால் அடியில் வண்டும் புழுவும் ஓடும். புல் மாட்டுக்குள் போய்ச் சாணியாகி, சாணி மண்ணாகி, மறுபடி புல்லாவதைப் பிள்ளைகளே சொல்லட்டும்.

நகரப் பிள்ளைகள் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள்: 'ரீச்சர், மானும் பண்ணை விலங்கா?' பிரெட்றிக் கோட்டைப் பக்கம் மான்கள் மாடு மாதிரியே திரிகின்றனவே, கேட்கத்தான் செய்வார்கள். யார் வளர்க்கிறார், யார் பால் கறக்கிறார் என்று திருப்பிக் கேளுங்கள். விடை அங்கேயே கிடைத்துவிடும்.

படி 4: எருமையும் தயிர்ச் சட்டியும்

எருமைக்கு வியர்வைச் சுரப்பி குறைவு. அதனால் உடம்பைக் குளிரவைக்கச் சேற்றில் கிடக்கிறது. காய்ந்த சேறு பூச்சிக்கடியையும் தடுக்கும். பட்டியைத் தூரத்திலிருந்து பார்த்தாலே போதும். பிள்ளைகளை வயல் சேற்றில் இறக்காதீர்கள். காலில் கீறல் இருந்தால் எலிக்காய்ச்சல் தொற்றலாம்.

மீதி வேலை வகுப்பில். வீதியோரக் கடையில் ஒரு சட்டி எருமைத் தயிர் வாங்கி வாருங்கள். முதலில் சாப்பிடட்டும், விளக்கம் பிறகு. சட்டியைக் கழுவி, நன்றாகக் காயவைத்துத் தண்ணீர் நிரப்பினால் வெளிப்புறம் மெல்ல ஈரமாகும். சுட்ட களிமண்ணில் நுண்துளைகள் உண்டு. தயிரின் தண்ணீரைச் சட்டி உறிஞ்சுவதால்தான் தயிர் அவ்வளவு இறுக்கமாக இருக்கிறது. படி 1இல் பாம்பாக உருட்டிய மண்ணைப் பக்கத்தில் வைத்து, 'இது எதிலிருந்து வந்தது?' என்று கேளுங்கள். எனக்கு முழுப் பாடத்திலும் மிகப் பிடித்த இடம் இது.

படி 5: பயறு நடுதல்

அடியில் துளையிட்ட இரண்டு சிரட்டைகள் எடுங்கள். ஒன்றில் கடற்கரை மணல். உப்புப் போக இரண்டு தடவை கழுவிவிடுங்கள், இல்லையென்றால் போட்டி நியாயமாக இருக்காது. மற்றதில் வயல் மண்ணோடு நன்றாக மக்கிய சாணி. பச்சைச் சாணி வேரைக் கருக்கிவிடும். ஒவ்வொன்றிலும் ஊறவைத்த பயறு நாலைந்து.

சில நாளில் இரண்டிலும் முளைக்கும், இரண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும். 'வித்தியாசமே இல்லையே' என்று இங்கே பலர் கைவிட்டுவிடுகிறார்கள். விதைக்குள்ளேயே தொடக்கச் சாப்பாடு இருப்பதுதான் காரணம். இரண்டு வாரம் போகட்டும், மணலில் நிற்பது மஞ்சளாகி மெலியத் தொடங்கும்.

சில கட்டாயங்கள்

மண்ணையோ விலங்கையோ தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் எதையும் உண்ண விடாதீர்கள். பச்சைப் பால் சுவைக்கக் கொடுக்காதீர்கள், காய்ச்சியே கொடுங்கள். போர் நடந்த இடங்களில் கைவிடப்பட்ட காணிக்குள் மண் தோண்டப் போகவே வேண்டாம். தெரியாத உலோகப் பொருளைக் கண்டால் தொடாமல் பெரியவரிடம் சொல்ல வேண்டும் என்பதையும் இதே பாடத்தில் சொல்லிவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் சிரட்டைகளைக் கவிழ்த்து வையுங்கள். நிமிர்ந்து கிடந்து துளையும் அடைபட்டால் அடுத்த மழைக்கு டெங்கு நுளம்புப் பண்ணையாகிவிடும். அந்தப் பாடத்தை நடத்தப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து நிற்பார்.