கேமிங் கம்ப்யூட்டர் வாங்கும்போது பாதிப் பெயரை நம்பாதீர்கள்

"ஐ7 பிராசசர், 16 ஜி.பி. ராம், 4 ஜி.பி. கிராபிக்ஸ் கார்டு" என்ற ஒற்றை வரி விளம்பரத்தைப் பார்த்துவிட்டு என் அக்கா மகன் ஒரு கேமிங் டெஸ்க்டாப் வாங்கினான். கேபினெட்டின் பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே நிறம் மாறும் மூன்று விசிறிகள் என்று பார்வைக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் ஆசை ஆசையாக அவன் ஏற்றிய விளையாட்டு ஒவ்வொரு தெருமுனையிலும் திணறி நின்றது. கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தபோது காரணம் விளங்கியது. பிராசசர் 2012-இல் வெளிவந்த ஐ7-3770. ராம் பழைய வகையான டிடிஆர்3. கிராபிக்ஸ் கார்டு 2014-ஆம் ஆண்டின் ஜிடி 730. விளம்பரத்தில் பொய் என்று பிடிக்கத்தக்க ஒரு சொல்கூட இல்லை. ஒவ்வொரு பாகத்தின் பெயரிலும் பாதியை மட்டும் எழுதியிருந்தார்கள். விஷயம் முழுவதும் எழுதாமல் விட்ட மீதிப் பாதியில் இருந்தது.

பிராண்டட் டெஸ்க்டாப் வாங்கினாலும் சரி, சென்னை ரிச்சி தெருவைப் போன்ற இடங்களில் கடைக்காரர் பூட்டித் தரும் அசெம்பிள்டு டெஸ்க்டாப் வாங்கினாலும் சரி, நான் பார்த்தவரை மக்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்தப் பாதிப் பெயரிலிருந்தே தொடங்குகின்றன. அதனால் பணம் கொடுப்பதற்கு முன் பிராசசர், மதர்போர்டு, ராம், எஸ்.எம்.பி.எஸ். (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி), எஸ்.எஸ்.டி. (கோப்புகளைச் சேமிக்கும் பாகம்), கிராபிக்ஸ் கார்டு ஆகிய ஆறின் முழு மாடல் பெயரையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கும் கடையில் வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

பிராசசரில் "ஐ7" என்பது தரவரிசையை மட்டுமே சொல்கிறது. எந்தத் தலைமுறை என்பதை அதன் பின்னால் வரும் எண்தான் சொல்லும். 3770 என்றால் மூன்றாம் தலைமுறை, 12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. ஐ7-3770, 2022-இல் வந்த ஐ3-12100 ஆகிய இரண்டிலும் நான்கு கோர்களும் (கணக்குப் போடும் பகுதிகள்) எட்டு திரெட்களும்தான் (ஒரே நேரத்தில் நடத்தக்கூடிய வேலைகள்) உள்ளன; ஆனால் வரிசையில் கடைசியில் நிற்கும் அந்த ஐ3, பழைய ஐ7-ஐ எல்லா வகையிலும் வெகுதூரம் முந்திவிடும். வேகத்தோடு இந்தச் சிக்கல் முடிவதில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-ஓ இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசசர்களை, ஒருசில தவிர, அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. எப்படியோ அதை ஏற்றிவிட்டாலும், வேலரன்ட் போன்ற விளையாட்டு விண்டோஸ் 11-இல் டி.பி.எம். 2.0, செக்யூர் பூட் ஆகிய இரண்டு பாதுகாப்பு வசதிகளும் இருந்தால்தான் திறக்கும் என்பதால், அந்தப் பழைய ஐ7 அங்கேயே நின்றுவிடுகிறது.

இன்டெல்லின் போட்டி நிறுவனமான ஏ.எம்.டி. பக்கமும் இதே கதைதான். ரைசன் 5 5500, ரைசன் 5 5600 என்று எழுதிப் பார்த்தால் நூறு எண்தான் வித்தியாசம். ஆனால் முதலாவதில் எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) 16 எம்.பி., இரண்டாவதில் 32 எம்.பி.; முதலாவது பி.சி.ஐ.இ. (பிராசசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் இடையிலான தரவுப் பாதை) 3.0 வரைதான் போகும், இரண்டாவது 4.0-வுக்குப் போகும். இந்த வேறுபாடு எங்கே கடிக்கும் என்பதைச் சற்றுப் பின்னால் சொல்கிறேன். இன்டெல் பிராசசரின் எண்ணுக்குப் பின் "எஃப்" என்ற எழுத்து இருந்தால் அதற்குள் கிராபிக்ஸ் இல்லை என்று பொருள். விலை சற்றுக் குறையும் என்பது உண்மைதான். ஆனால் கார்டு பழுதாகி வாரண்டிக்குப் போனால், அது திரும்பி வரும்வரை மானிட்டரில் எதுவுமே தெரியாது. வீட்டில் அந்த ஒரே கம்ப்யூட்டரில்தான் பிள்ளைகளின் படிப்பும் நடக்கிறது என்றால், எஃப் இல்லாத மாடலுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண் செலவு ஆகாது.

கிராபிக்ஸ் கார்டு விஷயத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள், அதுவும் "எத்தனை ஜி.பி. கார்டு?" என்ற கேள்வியால் ஏமாறுகிறார்கள். ஜி.பி. என்பது கார்டில் உள்ள நினைவகத்தின் அளவு. அந்தச் சிப் எவ்வளவு வேகமாகக் கணக்குப் போடும் என்பதற்கும் இந்த அளவுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஜிடி 730-யும் 4 ஜி.பி.யில் கிடைத்தது, 2019-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650-யும் 4 ஜி.பி.தான், இரண்டுக்கும் இடையில் பல மடங்கு வேறுபாடு உண்டு. இதைவிட நுட்பமான பொறி, ஒரே பெயரில் வரும் இரண்டு கார்டுகள். ஜிடி 1030 முதலில் ஜிடிடிஆர்5 நினைவகத்தோடு, வினாடிக்கு 48 ஜி.பி. தரவை நகர்த்தும் திறனோடு வந்தது. 2018-இல் அதே பெயரில் டிடிஆர்4 நினைவகம் கொண்ட ஒன்று வந்தபோது, அந்தத் திறன் 16.8 ஜி.பி.யாக, அதாவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. ஆர்டிஎக்ஸ் 3060-இன் 12 ஜி.பி. மாடலில் 192 பிட் மெமரி பஸ் (சிப்புக்கும் நினைவகத்துக்கும் இடையிலான பாதை) உண்டு. பின்னால் வந்த 8 ஜி.பி. மாடலில் 128 பிட்தான். ஆர்டிஎக்ஸ் 3050-இல் 8 ஜி.பி. மாடலுக்கு 2560 கோர்கள், 2024-இல் வந்த 6 ஜி.பி. மாடலுக்கு 2304 கோர்கள். நினைவகம் மட்டும்தான் குறைந்திருக்கிறது என்று வாங்குபவர் நினைத்துக்கொள்கிறார். உண்மையில் சிப்பும் சேர்ந்து குறைந்திருக்கிறது.

நினைவகத்தின் அளவு முக்கியமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. விளையாட்டுக்குத் தேவையான படங்கள் கார்டின் நினைவகத்தில் கொள்ளாதபோது, மிஞ்சியவை ராமிலிருந்து பி.சி.ஐ.இ. வழியாக வந்து போக வேண்டியிருக்கும்; அந்தப் பாதை மிகவும் மெதுவானது என்பதால் ஓடிக்கொண்டிருக்கும் காட்சி திடீர் திடீரென்று உறையும். முன்பு சொன்ன ரைசன் 5 5500 கடிக்கும் இடம் இதுதான். 2022-இல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டுக்கு 4 ஜி.பி. நினைவகமும், பி.சி.ஐ.இ. 4.0-இல் நான்கே நான்கு லேன்களும் (பாதையின் தடங்கள்)தான். அதை 3.0 மட்டுமே தரும் 5500-உடன் பூட்டினால், ஏற்கெனவே குறுகலான அந்தப் பாதை இன்னும் பாதியாகிறது. இன்று புதிதாக வாங்குபவர் 1080பி (1920×1080 புள்ளிகள்) திரைக்கு 8 ஜி.பி.யைக் குறைந்தபட்சமாகக் கொள்ளலாம். நான்கைந்து ஆண்டுகள் வைத்திருக்க நினைப்பவர், ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி போன்று 8, 16 என இரண்டு அளவுகளில் வரும் கார்டுகளில் 16 ஜி.பி.யையே எடுக்கட்டும்.

அடுத்தது எஸ்.எம்.பி.எஸ். கொட்டேஷனில் இதற்குப் பெரும்பாலும் "450 வாட்" என்று மட்டும் எழுதியிருக்கும், கம்பெனிப் பெயர்கூட இருக்காது. அக்கா மகனின் கேபினெட்டிலிருந்து அதைக் கழற்றிக் கையில் எடுத்தபோது, காலி டப்பாவைப் போல எடையே இல்லாமல் இருந்தது. பக்கவாட்டு ஸ்டிக்கரில் 450 என்பது பெரிய எழுத்தில் இருந்தது. கீழே சின்ன எழுத்தில் இருந்த அட்டவணையில் +12 வோல்ட் என்ற கட்டத்தில் 14 ஆம்பியர் என்று போட்டிருந்தது. பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் அந்த 12 வோல்ட்டிலிருந்துதான் மின்சாரம் எடுக்கின்றன. 12-ஐ 14-ஆல் பெருக்கினால் 168 வாட். ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு 115 வாட் வரை எடுக்கும், ஐ5-12400 பிராசசர் முழு வேகத்தில் 117 வாட் வரை எடுக்கும். இரண்டும் சேர்ந்தால் 232. அந்த 450 வாட் பெட்டியில் இதைப் பூட்டியிருந்தால், விளையாட்டின் நடுவே கம்ப்யூட்டர் தானாக அணைந்து எழுந்திருக்கும், அல்லது எஸ்.எம்.பி.எஸ். எரியும்போது மதர்போர்டையும் சேர்த்துக்கொண்டு போயிருக்கும். ஆகவே ஸ்டிக்கரின் பெரிய எண்ணை விட்டுவிட்டு 12 வோல்ட் கட்டத்தைப் பாருங்கள். பெயருள்ள நிறுவனத்தின், 80 பிளஸ் புரோன்ஸ் (Bronze) அல்லது அதற்கு மேற்பட்ட மின்சிக்கனச் சான்று பெற்ற 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். இந்த வகைக் கார்டுகளுக்குத் தாராளமாகப் போதும். கிராபிக்ஸ் கார்டில் ஒரு படி இறங்க வேண்டியிருந்தாலும் இறங்குங்கள், இதில் இறங்காதீர்கள்.

யு.பி.எஸ்.ஸையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது. நம் வீடுகளில் பரவலாக இருக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். தருவது பொதுவாக 360 வாட்தான். ஆர்டிஎக்ஸ் 5070 மட்டுமே 250 வாட் எடுக்கும் என்பதால், பிராசசரும் மானிட்டரும் சேர்ந்த பிறகு விளையாட்டின் நடுவே கரண்ட் போனால் அது தாங்காது.

பிராண்டட் டெஸ்க்டாப் வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. அலுவலக வேலைக்கென்று செய்யப்பட்ட டவர் (நிமிர்ந்த கேபினெட்) கம்ப்யூட்டர்களை வாங்கி, பிறகு கார்டு போட்டுக்கொள்ளலாம் என்று திட்டமிடுவது நான் அடிக்கடி பார்க்கும் தவறு. அவற்றில் பலவற்றில் எஸ்.எம்.பி.எஸ். 180 முதல் 260 வாட் வரைதான் இருக்கும்; கார்டுக்குச் செல்லும் 8 பின் ஒயர் இருக்காது; அதை மாற்றலாம் என்றால் அளவும் பிளக்கும் அந்த நிறுவனத்துக்கே உரியவையாக இருக்கும். இப்படிப்பட்ட டவர் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது என்றால், நான் மேலே குறை சொன்ன 6 ஜி.பி. ஆர்டிஎக்ஸ் 3050-தான் பொருத்தமான கார்டு. அது 70 வாட்டில் இயங்குவதால், தனி ஒயர் இல்லாமல் மதர்போர்டின் ஸ்லாட் தரும் 75 வாட்டிலேயே ஓடிவிடும். புதிதாக வாங்குவதாக இருந்தால் ஏ.டி.எக்ஸ். என்ற பொது அளவிலான எஸ்.எம்.பி.எஸ்.ஸும் வழக்கமான மதர்போர்டும் உள்ளதா என்று கேட்டு வாங்க வேண்டும்.

ராமில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: 16 ஜி.பி. என்பது ஒரே ஸ்டிக்கா, இரண்டு 8 ஜி.பி. ஸ்டிக்குகளா? டிடிஆர்4-3200 ஒரு சேனலில் (ஒரே ஸ்டிக் என்றால்) வினாடிக்கு 25.6 ஜி.பி. நகர்த்தும், இரண்டு சேனலில் (இரண்டு ஸ்டிக்குகள் என்றால்) 51.2. தனிக் கார்டு இல்லாமல் ரைசன் 5 5600ஜி போன்ற பிராசசரின் உள் கிராபிக்ஸில் விளையாடுபவர்களுக்கு இந்த வேறுபாடு திரையிலேயே தெரியும்.

மானிட்டரை மறந்துவிட்டுக் கார்டைத் தேர்ந்தெடுப்பதும் தவறுதான். 1080பி திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள், 1440பி திரையில் 36.9 லட்சம், 4கே திரையில் 82.9 லட்சம். வரவேற்பறை 4கே டிவியில் மாட்டினால், கார்டு ஒவ்வொரு காட்சிக்கும் 1080பி-யைப் போல நான்கு மடங்கு புள்ளிகளை வரைய வேண்டும். மாறாக, வேலரன்ட், கவுன்டர்-ஸ்டிரைக் 2 ஆகியவற்றை மட்டுமே விளையாடும் பிள்ளைக்கு விலை உயர்ந்த கார்டு எதற்கு? அங்கே நல்ல பிராசசரும் 144 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 144 முறை காட்சியைப் புதுப்பிக்கும்) மானிட்டரும்தான் கைகொடுக்கும்.

விளம்பரங்களில் வரும் எஃப்.பி.எஸ். (வினாடிக்கு எத்தனை காட்சிகள்) எண்களையும் முழுப் பெயரோடு படிக்க வேண்டும். 2025 ஜனவரியில் ஆர்டிஎக்ஸ் 5070-ஐ அறிமுகப்படுத்தியபோது, அதைத் தயாரிக்கும் என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங், 549 டாலர் விலையில் அது முந்தைய தலைமுறையின் உச்ச கார்டான ஆர்டிஎக்ஸ் 4090-இன் செயல்திறனைத் தரும் என்றார். 4090-இல் 16,384 கோர்களும் 24 ஜி.பி. நினைவகமும் உள்ளன, 5070-இல் 6,144 கோர்களும் 12 ஜி.பி.யும்தான். இடைவெளியை நிரப்பியது மல்டி ஃபிரேம் ஜெனரேஷன் என்ற உத்தி: கார்டு தானே வரைந்த ஒரு காட்சிக்கும் அடுத்ததற்கும் நடுவில், செயற்கை நுண்ணறிவு மூன்று காட்சிகள் வரை ஊகித்துச் செருகியது. அசைவு வழவழப்பாகத் தெரியும் என்பது உண்மை. ஆனால் நீங்கள் மவுஸை அசைத்ததற்கான எதிர்வினை கார்டு உண்மையில் வரைந்த காட்சிகளில்தான் வரும் என்பதால், அடிப்படை 30 எஃப்.பி.எஸ்.ஸாக இருந்தால் திரையில் 100 என்று காட்டினாலும் கைக்கு மந்தமாகவே இருக்கும். எஃப்.பி.எஸ். எண்ணைப் பார்க்கும்போதெல்லாம், ஃபிரேம் ஜெனரேஷன் இல்லாமல் எவ்வளவு என்று தேடிப் பாருங்கள்.

பழைய கார்டு வாங்குவதை நான் எதிர்க்கவில்லை. பட்ஜெட் குறைவாக இருப்பவர்களுக்கு அது நல்ல வழிதான். ஆனால் ஓட்டிப் பார்க்காமல் வாங்கக் கூடாது. ஆர்எக்ஸ் 580 என்ற பெயரில் 2304 ஷேடர்கள் (காட்சியை வரையும் கோர்கள்) கொண்டதும் விற்கப்படுகிறது, 2048 மட்டுமே கொண்டதும் விற்கப்படுகிறது. மிகப் பழைய கார்டின் பயாஸை (அதற்குள் பதிந்திருக்கும் மென்பொருளை) மாற்றி, புதிய மாடலின் பெயரைக் காட்டச் செய்த போலிகளும் உண்டு. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் எடுத்துச் சென்று விற்பவரின் முன்னிலையிலேயே திறந்தால், ஷேடர் எண்ணிக்கை, நினைவக வகை, பஸ் அகலம் மூன்றும் தெரிந்துவிடும்.

புதிய கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்த அன்று மாலையே சிலவற்றைப் பார்த்துவிட வேண்டும். மானிட்டரின் எச்.டி.எம்.ஐ. ஒயரை மதர்போர்டின் பின்புறத் துளையில் செருகிவிட்டு, கார்டு வேலை செய்யவில்லை என்று மாதக்கணக்கில் வருந்தியவரை எனக்குத் தெரியும். கேபினெட்டின் பின்புறம் சற்றுக் கீழே, படுக்கைவாட்டில் இருக்கும் கார்டின் துளையில்தான் அதைச் செருக வேண்டும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை விண்டோஸ் பல நேரம் 60-லேயே வைத்திருக்கும், டிஸ்பிளே அமைப்பில் அதை மாற்றுங்கள். பிறகு கனமான ஒரு விளையாட்டை, ஏ.சி. போடாத அறையில், அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டி, கார்டும் பிராசசரும் எத்தனை டிகிரிக்குப் போகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். முகப்பு முழுவதும் கண்ணாடியாக அடைத்து, காற்று நுழைய வழியில்லாத கேபினெட் என்றால் அந்த அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். கடைசியாக, ஜி.எஸ்.டி. பில்லில் ஒவ்வொரு பாகத்தின் முழு மாடல் பெயரும் சீரியல் நம்பரும் இருக்கிறதா என்று பெட்டிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். "கேமிங் பி.சி. – 1" என்று மட்டும் எழுதியிருந்தால், மறுநாள் காலையிலேயே கடைக்குப் போய்த் திருத்தி வாங்குங்கள், இரண்டு ஆண்டு கழித்துக் கார்டு பழுதானால் சர்வீஸ் சென்டரில் கேட்கப்போவது அந்த எண்ணைத்தான்.