இருளுக்குக் கண் பழகுவதைக் கைபேசியால் அளப்போம்

விளக்கை அணைத்ததும் எதுவும் தெரிவதில்லை. சற்றுப் பொறுத்தால் கட்டில் தெரிகிறது, கதவு தெரிகிறது. இருட்டு அதே இருட்டுதான். மாறியது நம் விழித்திரை. கைபேசி, தடித்த கறுப்பு அட்டை, வெள்ளைத் தாள்கள் இருந்தால் அந்த மாற்றத்தை நிமிடக் கணக்கில் பதிவு செய்துவிடலாம்.

முதலில் அட்டை. கைபேசித் திரையை மூடும் அளவுக்கு வெட்டி, விரல்நுனி அளவில் ஆறு துளைகள் இடுங்கள். முதல் துளையின் பின்புறம் இரண்டு தாள்களை அடுக்கி ஒட்டுங்கள். அடுத்ததற்கு நான்கு, பிறகு ஆறு என்று ஆறாவது துளைக்குப் பன்னிரண்டு வரை போங்கள். துளைக்குத் துளை ஒளி மங்கிக்கொண்டே போகும்.

கைபேசியில் திரை வெளிச்சத்தை ஆகக் குறைத்து, அது தானாக மாறும் வசதியை நிறுத்துங்கள். விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள். திரை அணையும் நேரத்தை முடிந்தவரை நீட்டுங்கள். ஒலிப்பதிவைத் தொடங்கிவிட்டு, வெறும் வெள்ளைப் படம் ஒன்றைத் திரை முழுக்கத் திறந்து, அட்டையை மேலே பொருத்துங்கள். ஓரங்களைக் கறுப்பு டேப்பால் அடையுங்கள். கதவிடுக்கு, மின்கருவிகளின் சிறு விளக்குகள் எல்லாவற்றையும் மூட வேண்டும். இதில் அலட்சியம் காட்டினால் முழுச் சோதனையும் வீண்.

இப்போது அறை விளக்கொளியில் வெள்ளைச் சுவரை இரண்டு நிமிடம் பாருங்கள். விளக்கை அணைத்து, "அணைத்தேன்" என்று சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு துளை புலப்படும்போதும் அதன் எண்ணை உரக்கச் சொன்னால் போதும், நேரத்தை ஒலிப்பதிவே குறித்துக்கொள்ளும். எடுத்த எடுப்பில் ஆறும் தெரிந்தால் எல்லாத் துளைகளிலும் தாள்களைக் கூட்டி, மறுபடி சுவரிலிருந்து தொடங்குங்கள்.

முதல் சில நிமிடங்களில் வேகமாக முன்னேறுவீர்கள். பிறகு ஒரு தேக்கம் வரும். பலரும் "இவ்வளவுதான்" என்று எழுந்துவிடுவது இங்கேதான், தயவுசெய்து எழாதீர்கள்! நிறம் காட்டும் கூம்பு செல்கள் தம் எல்லையை எட்டிவிட்டன, அவ்வளவே. ஏறத்தாழ பத்தாவது நிமிடத்தை ஒட்டி, மங்கிய ஒளியை உணரும் குச்சி செல்கள் அவற்றை முந்துகின்றன. வெளிச்சத்தில் சிதைந்த ரொடாப்சின் என்ற நிறமி குச்சி செல்களில் மெல்ல மெல்லத் திரும்ப உருவாகிறது. அதற்கு வைட்டமின் ஏ தேவை; அது குறைந்தால் மாலைக்கண் வருவது இதனால்தான். முப்பது நிமிடம் வரை காத்திருங்கள். மங்கலான துளையை நேராகப் பார்க்காமல், சற்றே பக்கவாட்டில் பாருங்கள்: விழித்திரையின் நடுமையத்தில் குச்சி செல்கள் இல்லை.

பதிவைக் கேட்டு, நிமிடங்களைக் கிடைக்கோட்டிலும் தாள்களின் எண்ணிக்கையைச் செங்குத்துக்கோட்டிலும் குறித்து வரையுங்கள். நடுவே வளைவு தயங்கி மீண்டும் ஏறும் இடத்தைத் தேடுங்கள். ஆறு புள்ளிகளில் அது தெளிவாக விழாவிட்டால், அடுத்த முறை துளைகளைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

எழுவதற்கு முன் இன்னொன்று. ஒரு கண்ணை உள்ளங்கையால் நன்றாகப் பொத்திக்கொண்டு, அட்டையை எடுத்துவிட்டு, வெளிச்சத்தைக் கூட்டிய திரையை மற்றக் கண்ணால் ஒரு நிமிடம் பாருங்கள். திரையை அணைத்துக் கையை எடுத்தால், திரையைப் பார்த்த கண்ணுக்கு மட்டும் அறை மறைந்துபோயிருக்கும். படுக்கையில் ஒருக்களித்து, ஒரு கண் தலையணையில் மறைய, கைபேசி பார்த்த இருவருக்கு இப்படிப் பார்வை மங்கியதை 2016இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழ் வெளியிட்டது. இருட்டில் சில நிமிடங்களில் அந்தக் கண்ணும் தேறிவிடும். ஆனால் திரையைப் பார்க்காமலேயே ஒரு கண் திடீரென மங்கினால், உடனே கண் மருத்துவரிடம் செல்லுங்கள்.